தீவகத்தின் விளக்குகள்: உபயகாரரும் கன்னாரும்

ஊர்காவற்றுறையில் யானைகளைக் கப்பலேற்றிய கதையோடு சென்ற இதழ் முடிந்தது. யானையை இந்த இதழிலும் முழுதாக விட்டுவிட முடியாது. பேசப்போவது விளக்குகளைப் பற்றித்தான். ஆனால் இலங்கை மண்ணில் கிடைத்த விளக்குகளில் அதிகம் மூளை செலவழித்துச் செய்யப்பட்டது ஒரு யானை விளக்கு. அது பிறந்த காலத்து அரசனின் தமிழ் ஆணை ஒன்று நம் நயினாதீவில் இருக்கிறது.

நாகபூசணி அம்மன் கோயிற் கல்வெட்டு என்றால் யாழ்ப்பாணத் தீவகத்தாருக்குத் தெரியும். பொலனறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள், அதாவது பிறநாட்டவர், ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது ஆணை. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் சரிபாதி. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவருகிறவனுக்குச் சலுகை அதிகம் என்பதை அரசன் மறைக்கவில்லை. கடற்கரையில் ஒதுங்கியதெல்லாம் கரைக்காரனுக்கே என்று பல துறைகளில் நடந்துகொண்டிருந்த காலத்தில் இது பெரிய உறுதிமொழி. அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் கார்ஸ்வெல் கண்டெடுத்த சோங் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகளைப் பார்க்கும்போது, அந்தப் பரதேசிகள் உண்மையிலேயே வந்து இறங்கினார்கள் என்று தெரிகிறது. சுண்ணக்கல்லும் மணலும் பனையும் தவிர வேறொன்றும் இல்லாத தீவுகளுக்குச் செம்பும் ஈயமும் கடல்வழியாகத்தானே வர வேண்டும்?

இதே பராக்கிரமபாகு பிறந்த இடமென்று கொள்ளப்படுவது கேகாலைப் பக்கத்துத் தெதிகம. தான் பிறந்த மண்ணில் அவன் கட்டியதாகச் சொல்லப்படும் கொட்ட விகாரையைக் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொல்பொருள் திணைக்களம் அகழ்ந்தபோது, தாது அறைகளிலிருந்து வெண்கல யானை விளக்குகள் வெளிவந்தன. சங்கிலியில் தொங்கும் விளக்கு. கீழே எண்ணெய்த் தட்டு, தட்டின் நடுவே யானை. யானையின் வயிறுதான் எண்ணெய்க் கலம். திரி எரிய எரியத் தட்டில் எண்ணெய் மட்டம் இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் காற்று உள்ளே புகும், வயிற்றிலுள்ள எண்ணெய் வெளியே ஒழுகும். மட்டம் மறுபடி உயர்ந்து துளை மூடிக்கொண்டதும் ஒழுக்கு நிற்கும். கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போத்தலைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்களே, அதே தத்துவம். எண்ணெய் எவ்விடத்தால் ஒழுகுகிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆண்யானைக்கு இயற்கை எங்கே வழி வைத்ததோ, அங்கேதான் வெண்கலம் வார்த்த கன்னானும் வைத்திருக்கிறான். பக்தியும் பொறியியலும் குறும்பும் ஒரே வார்ப்பில்.

அவன் பெயர் என்ன? அரசனின் பெயர் தெரியும். அவன் கட்டிய தூபியின் உயரத்தைக்கூடச் சூளவம்சம் முழக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. யானையின் வயிற்றுக்குள் காற்றை வேலைவாங்கியவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இதற்குப் பழக்கப்பட்டவர்கள் நாங்கள். சோழர் காலத்தில் ஈழத்தில் வெட்டப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளில் விளக்குச் செய்தி தாராளமாக உண்டு. மாதோட்டத்தில் தாழி குமரன் எடுப்பித்த இராசராசேசுவரத்துக்கும், திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை என்ற இராசராசப் பெரும்பள்ளிக்கும் விளக்கெரிக்க நிவந்தம் விட்டவர்களின் விபரம் கல்லிலேயே இருக்கிறது. பெரும்பள்ளியோ பௌத்தப் பள்ளி. அங்கும் நந்தாவிளக்கு, அங்கும் தமிழ் எழுத்து. தஞ்சையில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு உழக்கு நெய் என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஆடு கொடுத்தவன், ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையன், நெய்யின் அளவு எல்லாம் பதிவில் உண்டு. விளக்கை வார்த்தவன் மட்டும் இல்லை. தஞ்சைக் கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரைக் கல்லில் காணலாம். அது பெருந்தச்சனுக்குக் கிடைத்த விதிவிலக்கு. குத்துவிளக்குக் கன்னானுக்கு அந்த யோகம் இல்லை.

தீவகத்துக் கோயில்களில் இன்றும் நிலைமை இதுதான். எந்த விளக்கைப் பார்த்தாலும் பாதத்தில் உளியால் கொத்திய எழுத்து இருக்கும். உபயம் இன்னார், ஊர், வருடம். அந்த எழுத்துகளை வரிசையாக வாசித்தால் தீவகத்தின் பொருளாதார வரலாறு கிடைத்துவிடும். முதலில் உள்ளூர் உடையார், விதானையார். பிறகு ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்த மலாயாக்காரர். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்த புங்குடுதீவு, காரைநகர், வேலணை முதலாளிமார். இப்போது சுவிஸ், லண்டன், ரொறன்ரோ. யாழ்ப்பாணப் பட்டினத்தில் கன்னார் குடியிருந்ததாகச் சொல்லப்படும் கன்னாதிட்டி இன்றைக்கு நகைக்கடைத் தெரு. வெண்கலம் வார்த்தவர்களின் வரிசையை அங்கே தேடினாலும் கிடையாது.

வார்ப்பு வேலை எளிதல்ல என்பதால்தான் இந்த மௌனம் உறுத்துகிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து உருவம் செய்ய வேண்டும். அதன்மேல் நுண்ணிய வண்டல்மண் பூச்சு, அதன்மேல் தடித்த மண். காயவிட்டுச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்துக்குள் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைக்க வேண்டும். அச்சு ஒருமுறைக்குத்தான். சறுக்கினால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. வெண்கலத்துக்கு நாதம் உண்டு, பித்தளைக்கு மினுக்கம் உண்டு. இரண்டுக்கும் முன்னால் மெழுகு வேண்டும்.

அந்த மெழுகையே எரிபொருளாக்கிக்கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கேயர். 1560இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து, 1591இல் அரசனைக் கொன்று தங்கள் ஆளை அமர்த்தி, 1619இல் பிலிப் தே ஒலிவேரா முழு இராச்சியத்தையும் எடுத்துக்கொண்ட கதையை முன்பே பார்த்தோம். கோயில்கள் இடிந்தன, தேவாலயங்கள் எழுந்தன. கத்தோலிக்கப் பூசைக்குப் பீடத்தில் மெழுகுதிரி எரிந்தாக வேண்டும், அதுவும் தேன்மெழுகுத் திரியாக இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. பெரிய பூசைக்கு ஆறு. அகலும் திரியும் மட்டுமே அறிந்த தீவுகளில் உயரமான தண்டின் நுனியில் ஒற்றைச் சுடர் நிற்பது புதுக்காட்சியாகத்தான் இருந்திருக்கும்.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். தீவுகளுக்குத் தங்கள் பட்டினங்களின் பெயர்களையே சூட்டினார்கள். லெய்டன், ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், ஹார்லெம், ரொட்டர்டாம் என்று வைத்ததில் மக்கள் வாயில் இன்றும் நிற்பது நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ற் ஒன்றுதான். அவர்களுடைய சீர்திருத்தச் சபைக்குப் பீடமும் வேண்டாம், பீடத்து மெழுகுதிரியும் வேண்டாம். தேவாலயத்தில் வெளிச்சத்துக்குப் பித்தளைக் கொத்துவிளக்கு தொங்கினால் போதும். கத்தோலிக்கக் குருமாரை விரட்டி வழிபாட்டையும் தடைசெய்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளார் இரவில், மறைவில்தான் பூசை ஒப்புக்கொடுக்க முடிந்தது. பகலில் வெறும் அடையாளமாக எரிகிற பீடத்து மெழுகுதிரி அந்த இரவுகளில் உண்மையாகவே வெளிச்சத்துக்காக எரிந்தது. அதே சுடர் வெளியே தெரிந்துவிட்டால் ஆபத்து.

மெழுகுதிரி நம் காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்ற சாமான் அல்ல. தேன்மெழுகு 62 பாகைக்கு மேல்தான் உருகும் என்றாலும் 35 பாகை வெயிலிலேயே தளர்ந்து தலைசாயும். சோளகம் வீசும் மாதங்களில் தீவகத்துக் கரையில் ஒரு திரியை ஏற்றி நிறுத்திப் பாருங்கள். தேங்காயெண்ணெய்க்கோ இங்கே ஒரு குறையும் இல்லை. ஆனால் 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். பனி நாட்டு அகலுக்கு அது உதவாது. இருந்தும் மெழுகுதிரி இங்கே தங்கிவிட்டது. நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் கீழ் வரும் கச்சதீவில், குடிக்கத் தண்ணீரும் இல்லாத அந்தத் திட்டில், அந்தோனியார் திருநாளுக்கு இரு கரையிலிருந்தும் வருகிறவர்கள் கைக்குடைக்குள் திரியேற்றுகிறார்கள். அங்கே முதல் ஆலயத்தை 1905இல் கட்டிக்கொடுத்தவர் நம்புதாளையைச் சேர்ந்த ஒருவர். 2016 டிசம்பரில் திறந்த புது ஆலயம் கடற்படை கட்டியது. கொடுத்தவர் விபரம் இங்கேயும் துல்லியம்!

இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலை விழாவிலோ சனசமூக நிலையத்து ஆண்டு நிறைவிலோ பிரதம விருந்தினர் குத்துவிளக்கை எதனால் ஏற்றுகிறார்? மெழுகுதிரியால். கிறிஸ்தவர் கூட்டமானால் விளக்கின் உச்சியில் அன்னத்துக்குப் பதில் சிலுவை நிற்கும், அரசாங்க விழாவானால் சேவல் நிற்கும். தண்டும் தகழியும் ஒன்றே. நானூறு வருடச் சண்டைகளுக்குப் பிறகு போர்த்துக்கேயர் கொண்டுவந்த திரி சோழர் காலத்து விளக்கைக் கொளுத்துகிறது. யாரும் இதை விசித்திரமாக நினைப்பதில்லை.

செய்தவன் பெயர் தெரிகிற விளக்குகளைக் காண இப்போது வடக்கே வெகுதூரம் போக வேண்டும். பின்லாந்தில் டிசம்பர் 6 சுதந்திர தினம். அன்று மாலை வீட்டு யன்னலில் இரண்டு மெழுகுதிரி ஏற்றி வைப்பார்கள். ஏறத்தாழ நம் விளக்கீட்டுக் காலம். 1917இல் அந்த நாடு ரஷ்யாவிடமிருந்து விடுதலை பெற்றது. மறுவருடமே ஹெல்சிங்கியில் தைத்தோ என்ற உலோகப் பட்டறை தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் பாவோ டினெல். 1890இல் பிறந்தவர், தகரவேலை பழகி வளர்ந்தவர். மெழுகுதிரித் தண்டு, சரவிளக்கு, மேசைவிளக்கு என்று பித்தளையிலும் வெண்கலத்திலும் அந்தப் பட்டறை செய்து தள்ளியது. அல்வார் ஆல்த்தோ பைமியோவில் கட்டிய காசநோய் மருத்துவமனைக்கு விளக்குகள் போனது இங்கிருந்துதான். பின்னாளில் நியூயோர்க்கில் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் அலுவலகம்வரை டினெலின் விளக்கு போயிற்று. 1953இல் பட்டறை வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது, 1973இல் அவர் காலமானார். தட்டையான பித்தளைத் தகட்டில் ஊசித்துளைகளிட்டு வெளிச்சத்தைப் பொடியாக்கிச் சிந்தவிடுவது அவர் கைவண்ணம். தகரவேலைக்காரனின் கை என்று பார்த்தவுடன் சொல்லலாம்.

அந்தச் சாமான்களைப் புரட்டிப் பார்த்தால் பட்டறையின் முத்திரை இருக்கும். முத்திரையை வைத்து யார் வரைந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். டினெல் என்று உறுதியானால் ஒரு விளக்கு ஏலத்தில் பல்லாயிரம் டொலருக்குப் போகிறது. எங்கள் விளக்கைப் புரட்டினால் உபயகாரர், அவர்களுடையதைப் புரட்டினால் வேலைக்காரர். இது பின்லாந்துக்காரர் பிறவியிலேயே நன்றியுள்ளவர்கள் என்பதால் வந்ததல்ல. அங்கும் கிராமத்துக் கொல்லன் பெயரில்லாமல்தான் செத்தான். புதிதாகப் பிறந்த சிறு நாட்டுக்கு உலகத்தில் முகம் வேண்டியிருந்தது. கண்ணாடி, மரம், உலோகம் வடிவமைத்தவர்களையே அந்த முகமாக நிறுத்தினார்கள். 1951இல் மிலான் கண்காட்சிக்குப் போன பின்லாந்துப் பொருள்கள் வடிவமைத்தவர் பெயரோடு போயின. பரிசுகளை அள்ளிய தப்பியோ விர்க்காலா நாடறிந்த மனிதரானார். நாடு தன் தேவைக்காகச் செய்தது, பலன் கைவினைஞனுக்கும் கிடைத்தது.

இதற்கு வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1897இல் போர்வோ என்ற ஊரில் லூயி ஸ்பாரே என்ற சுவீடன் பிரபு ஐரிஸ் என்றொரு தொழிற்சாலை தொடங்கினார். 1902இல் அது மூடிவிட்டது, ஆனால் பின்லாந்து வடிவமைப்பின் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஸ்பாரேக்கு ஆதர்சம் இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் கிளப்பிவிட்ட கைவினை இயக்கம். இயந்திரம் கக்கிய மலிவுச் சாமான்களுக்கு எதிராக, கைவேலையின் மரியாதையை மீட்க எழுந்த இயக்கம் அது.

அதே மொறிஸின் பிடியில் எங்கள் ஆள் ஒருவரும் இருந்தார். சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாண வேர், 1877இல் கொழும்பில் பிறப்பு, இங்கிலாந்தில் வளர்ப்பு. கனிமவள ஆய்வின் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை இலங்கையைச் சுற்றியபோது பாறைகளைவிடக் கம்மாளரும் கன்னாரும்தான் அவர் கண்ணில் அதிகம் பட்டார்கள். 1908இல் வந்த அவருடைய மத்தியகால சிங்களக் கலை என்ற பெருநூலில் விளக்குகளுக்கும் உலோக வேலைக்கும் நல்ல இடம் உண்டு. மொறிஸ் தன் சோசர் பதிப்பை அச்சிட்ட அதே அச்சுப்பொறியில் குமாரசுவாமி அதை 425 பிரதிகள் அச்சிட்டார். 1914இல் கொழும்பு நூதனசாலை வெண்கலங்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். யானை விளக்கு அப்போது மண்ணுக்குள் இருந்தது, அவர் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஒரே ஊற்றிலிருந்து புறப்பட்ட இரண்டு ஆறுகள் எதிர்த் திசையில் ஓடின. பின்லாந்து கைவினைஞனின் பெயரை வெளியே கொண்டுவந்தது. குமாரசுவாமியோ பிற்காலத்தில், பெயர் இல்லாமையே மரபுக் கலையின் பெருமை, தன்னை முன்னிறுத்துவது நவீன நோய் என்று வாதாடினார். அவருடைய படிப்பின் முன்னால் நான் சிறியவன். ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பெயரற்றிருப்பதன் மேன்மையைச் சொன்ன நூல்களின் அட்டையில் எழுதியவர் பெயர் அச்சாகியிருந்தது. உபயகாரரின் பெயரையும் விளக்கிலிருந்து நீக்கியிருந்தால் அது ஆன்மிகம் என்று ஒப்புக்கொள்ளலாம். பணம் கொடுத்தவன் பெயர் நிற்க, உருக்கி ஊற்றியவன் பெயர் மட்டும் போவதற்குக் காரணம் சாதியும் கூலியும்தான். தத்துவம் பிறகு வந்து சேர்ந்தது.

தீவகத்தில் பழைய வெண்கலம் அதிகம் எஞ்சவில்லை. உலோகத்தின் தலைவிதி அது: கல்லைத் திருடினால் பாரம், செம்பைத் திருடினால் காசு. 1990, 91இல் வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு மக்களில் பெரும்பகுதியினர் போரால் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தபோது குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் சிலர்தான். திரும்பி வந்தபோது பல வீடுகளில் யன்னலும் நிலையும்கூட இல்லை, விளக்கைப் பற்றி என்ன பேச்சு.

போன இடத்திலும் இருட்டு. மின்சாரம் நின்றுவிட்டது, மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. அப்போது பிறந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய். கம்பியில் பிடித்து நிறுத்திய சைக்கிள் ரியூப் வால்வு, அதற்குள் நூல்திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும், காற்றுப் பிடிக்காது, எண்ணெயும் துளித்துளியாகத்தான் செலவாகும். ஒரு தலைமுறை அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எடுத்துப் பல்கலைக்கழகம் போனது. வடிவமைப்பு என்று பார்த்தால் ஹெல்சிங்கியில் செய்த எந்தத் தண்டுக்கும் இது குறைந்ததல்ல. தேவை, கிடைக்கும் பொருள், காற்று, கஞ்சத்தனம் எல்லாவற்றுக்கும் ஒரே விடை. எண்ணூறு வருடத்துக்கு முந்திய யானை விளக்கைப் போலவே எண்ணெயை அளந்து கொடுக்கிற தந்திரம். முதலில் செய்தது யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுப் பிள்ளை என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை, அதுவும் எழுதப்படிக்கத் தெரிந்த ஊரில், நம் கண்முன்னே.

இன்றைய விளக்குக் கதைக்கு வருவோம். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையோடு சேராமல் டீசல் இயந்திரத்தில் காலம் தள்ளிவந்த தீவுகள். எழுவைதீவுக்குச் சூரியனும் காற்றும் சேர்ந்த கலப்பு மின்திட்டம் முன்பே வந்துவிட்டது. மற்ற மூன்றுக்கும் அதே முறையில் மின்சாரம் கொடுக்க ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்கு வேலை ஒதுக்கப்பட்டது. இராமேசுவரத்துக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா முகம்சுழித்தது. 2021 டிசம்பரில் சீன நிறுவனம் திட்டத்தை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை கைச்சாத்தானது, ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டொலர் நன்கொடை. 2024 மார்ச்சில் இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதினார்கள். ஊராத்துறைக்கு எந்தக் கப்பல் வரலாம், என்ன பங்கு என்று பராக்கிரமபாகு கவலைப்பட்டதைப் போலத் தில்லியும் பெய்ஜிங்கும் கொழும்பும் கவலைப்பட்டன. நெடுந்தீவுக்காரருக்கு வேண்டியிருந்தது ஐஸ் பெட்டிக்குக் கரண்ட், மீன் பழுதாகாமலிருக்க.

திட்டம் முடிந்து பெயர்ப்பலகை திறக்கும்போது அதில் எந்த நாட்டின் நன்கொடை, எந்த அமைச்சர் திறந்தார் என்பதெல்லாம் மூன்று மொழியிலும் இருக்கும். நெடுந்தீவின் காற்றையும் உப்பையும் கணக்கிட்டுக் காற்றாடிக்கு இடம் குறித்த பொறியியலாளரின் பெயரையும் ஒரு மூலையில் போட்டால் என்ன? பலகையில் இடம் இருக்கிறது.

அடுத்த இதழில்: நெடுந்தீவுக் குதிரைகளும் லெப்டினன்ட் நோலனும்.

(தொடரும்)